கிறிஸ்துமஸ் டியூட்டி: கொங்கு மண்டலத்தில் புதிதாக மைக் பிடித்தவர்களுக்கு

லோக்கல் சேனலில் புதிதாகச் சேர்ந்த நிருபருக்கு டிசம்பர் பிறந்ததும் டெஸ்க்கிலிருந்து ஒரு வரி வரும்: "24 நைட் சர்ச் நீங்கதான்." சீனியர்களுக்கு அன்றைக்கென்று வீட்டில் ஏதாவது வேலை இருக்கும். கிறிஸ்தவ நண்பர்களுக்கு லீவு வேண்டும், அது நியாயம்தான். தீபாவளிக்கு நமக்காக நின்றவர்கள் அவர்கள். ஆக, மைக் உங்கள் கைக்கு வந்து சேரும். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், கரூர் என எந்த ஊர் சேனலாக இருந்தாலும் சரி, இந்த மாதத்தை எப்படி ஓட்டுவது என்று யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். சென்னை சேனலில் நீங்கள் படம் எடுக்கும் ஆள் வேறு, அதைப் பார்க்கும் ஆள் வேறு. லோக்கல் சேனலில் இரண்டும் ஒரே ஆள். இரவுச் செய்தியில் உபதேசியார் பெயரைத் தப்பாகப் போட்டால் மறுநாள் டீக்கடையில் அவரே சிரித்துக்கொண்டே சொல்வார். சிரித்தாரே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அடுத்த வருடம் உங்கள் போனை எடுக்க மாட்டார். கீழே நான் சொல்வதில் பாதி இந்த ஒரு காரணத்திலிருந்து வருவதுதான்.

நவம்பர் கடைசியிலேயே பட்டியல் போடுங்கள்

கிறிஸ்துமஸ் செய்தி 24-ஆம் தேதி ஆரம்பிப்பதில்லை. நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் நடுவில் வரும் ஞாயிற்றுக்கிழமை திருவருகைக் காலம் தொடங்கும். அன்றிலிருந்து ஆலயங்களில் வேலை சூடு பிடித்துவிடும். அந்த வாரமே ஒரு நோட்டை எடுத்து உங்கள் ஏரியாவில் உள்ள ஆலயங்களை எழுதிக்கொள்ளுங்கள்.

பெரிய ஆலயங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. கோவையில் பெரிய கடை வீதி புனித மிக்கேல் பேராலயம், ரேஸ் கோர்ஸ் ஆல் சோல்ஸ் ஆலயம், உப்பிலிபாளையம் இம்மானுவேல் ஆலயம். நெடுஞ்சாலையில் கருமத்தம்பட்டி ஜெபமாலை அன்னை ஆலயம். ஈரோட்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பிரப் பாதிரியார் பெயரில் நிற்கும் நினைவாலயம். சேலத்தில் குழந்தை இயேசு பேராலயம். இங்கெல்லாம் எல்லா சேனல்காரர்களும் வரிசையாக ஸ்டாண்டு போட்டிருப்பார்கள். நீங்களும் போகத்தான் வேண்டும், போகாவிட்டால் "நம்மகிட்ட மட்டும் விஷுவல் இல்லையா?" என்று கேள்வி வரும். ஆனால் உங்கள் செய்தி இருக்கும் இடம் வேறு. பல்லடம் பக்கமோ தாராபுரம் பக்கமோ தோட்டங்களுக்கு நடுவில் ஓட்டு வில்லை போட்ட ஒரு சின்ன ஆலயம் இருக்கும். அந்த ஊரில் கேமரா வந்தே பல வருடம் ஆகியிருக்கும். ஒரு பெரிய ஆலயம், ஒரு சின்ன ஆலயம் என்று முதலிலேயே முடிவு செய்து டெஸ்க்கிடம் சொல்லிவிடுங்கள்.

ஆலயத்தின் வயதைப் போடுவதானால் வாசல் கல்வெட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "நூற்றாண்டு பழமை வாய்ந்த" என்பது எல்லா ஆலயத்துக்கும் ஒட்டுகிற லேபிள் இல்லை. ஆல் சோல்ஸ் 1872-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதற்கு வெறும் நூற்றாண்டு என்று போட்டால் அரை நூற்றாண்டைக் காணாமல் போக்கியதாகும்.

அதே நோட்டில் டிசம்பர் காலண்டரையும் எழுதுங்கள், ஏனென்றால் கிறிஸ்துமஸ் தனியாக வராது. பாபர் மசூதி இடிக்கப்பட்ட டிசம்பர் 6 வந்தால் கோவை ரயில் நிலையத்திலிருந்து ஆரம்பித்து ஊர் முழுக்கப் போலீஸ் சோதனை. அன்றைக்கு உங்களுக்கு வேறு வேலையே ஓடாது. மாதத்தின் நடுவில் மார்கழி பிறந்துவிடும். வைகுண்ட ஏகாதசி சில வருடங்களில் கிறிஸ்துமஸை ஒட்டியே வரும். அப்போது காரமடை அரங்கநாதர் கோயில் சொர்க்கவாசலும் உங்கள் தலையில்தான். நாமக்கல் சேனல் என்றால் அனுமன் ஜெயந்திக்கு ஆஞ்சநேயருக்கு 1,00,008 வடை மாலை. அதற்குத் தனி டீம் கேட்டு இப்போதே எழுதிக் கொடுங்கள். அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி லீவு விட்டதும் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ரோடு அடைத்துக்கொள்ளும், அதுவும் செய்திதான்.

யாரை எப்படிக் கூப்பிடுவது

புது நிருபர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

கத்தோலிக்க ஆலயத்தில் மறைமாவட்டத் தலைவர் ஆயர். ஒரு பங்கைக் கவனிப்பவர் பங்குத்தந்தை. பெயருக்கு முன்னால் அருட்தந்தை என்று போடுவார்கள். நேரில் பேசும்போது "ஃபாதர்" போதும். சி.எஸ்.ஐ. ஆலயத்துக்குப் போனால் கதை மாறும். அங்கே ஆயர் என்றால் அந்த ஆலயத்தின் போதகர். திருமண்டலத் தலைவர் பேராயர். கத்தோலிக்கர்களுக்கோ பேராயர் என்றால் ஆயருக்கும் மேல். ஆக, சி.எஸ்.ஐ. போதகரைக் காட்டி "கோவை ஆயர்" என்று பெயர்ப்பட்டை போட்டால் இரண்டு பக்கமும் போன் வரும். பெந்தெகொஸ்தே சபைகளில் "பாஸ்டர்". அவர்களில் பலர் குடில் வைப்பதில்லை, சிலர் டிசம்பர் 25-ஐக் கொண்டாடுவதே இல்லை. அங்கே போய் "குடில் எங்கீங்க?" என்று கேட்காதீர்கள்.

ஆளுக்கு மட்டுமல்ல, வழிபாட்டுக்கும் இப்படித்தான். கத்தோலிக்கருக்குத் திருப்பலி, நற்கருணை. சி.எஸ்.ஐ.க்காரர்களுக்கு ஆராதனை, திருவிருந்து. "சி.எஸ்.ஐ. ஆலயத்தில் சிறப்புத் திருப்பலி" என்று ஸ்க்ரோல் ஓடினால் அது தெரியாத நிருபர் எழுதியது என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

கோவைக்காரர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. திருச்சி ரோட்டில் உள்ள நம்ம ராமநாதபுரம், சீரோ மலபார் கத்தோலிக்கர்களின் மறைமாவட்டம் ஒன்றின் தலைமையிடம். 2010-இல் உருவானது, பெயரே ராமநாதபுரம் மறைமாவட்டம். இதை வெறும் "ராமநாதபுரம் மறைமாவட்டம்" என்று எழுதிச் சென்னைக்கு அனுப்பினால் டெஸ்க்கில் யாராவது நல்லெண்ணத்தில் "ராமநாதபுரம் மாவட்டம்" என்று திருத்தி, சேதுக்கரையில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். "கோவை ராமநாதபுரம்" என்று ஒவ்வொரு முறையும் எழுதுங்கள்.

பைட், அதாவது கேமரா முன் சின்னப் பேட்டி, கொடுப்பவரிடம் பெயரைக் கேட்டு நீங்களே எழுதாதீர்கள். நோட்டை நீட்டி அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். அருளப்பனும் அருளானந்தும் மைக் சத்தத்தில் ஒன்றாகத்தான் கேட்கும்.

மாதம் முழுக்க இருக்கும் செய்திகள்

ஆலயத்துக்கு வெளியேதான் நல்ல செய்திகள் கிடக்கின்றன என்பது என் அபிப்பிராயம். நட்சத்திரம் விற்கும் கடை, கேக் கடை, குடில் பொம்மை எல்லாம் சரி, எல்லோரும் எடுப்பார்கள். கொங்குப் பக்கத்துக்கே உரிய கிறிஸ்துமஸ் செய்திகள் சில உண்டு.

நாமக்கல் முட்டை. டிசம்பரில் கேக்குக்கு முட்டை போகிறது, வடமாநிலங்களில் குளிருக்கு முட்டைத் தேவை கூடுகிறது. அதே நேரம் ஐயப்பனுக்கு மாலை போட்ட வீடுகளில் முட்டை வாங்குவது நின்றுவிடும். விலை இந்த இரண்டு பக்க இழுப்பில் நிற்கும். நாமக்கல் மண்டலத்துக்கு என்.இ.சி.சி. (தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு) விலை அறிவித்ததும் அந்த எண்ணை மட்டும் ஸ்க்ரோலில் ஓட்டிவிட்டு நின்றுவிடாதீர்கள். ஒரு பண்ணையாளர், ஒரு பேக்கரிக்காரர் இருவரையும் பேச வையுங்கள். விலை ஏறினால் இவருக்குச் சிரிப்பு, அவருக்குக் கவலை. செய்தி அங்கேதான் இருக்கிறது.

திருப்பூர். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கிறிஸ்துமஸுக்கு விற்கும் பனியனும் டி-ஷர்ட்டும் டிசம்பருக்கு ரொம்ப முன்னாலேயே கப்பல் ஏறிவிடும். அதனால் திருப்பூரின் கிறிஸ்துமஸ் எப்படிப் போனது என்பதை டிசம்பரில் கம்பெனிக்காரர்களிடம் கேட்டால் ஒழுங்காகச் சொல்வார்கள், கணக்கு முடிந்திருக்கும். 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டது நடு சீசனில். அந்த வருட டிசம்பரில் குடிலைவிடப் பெரிய செய்தி நிட்டிங் கம்பெனி வாசலில் நின்றது.

அதே திருப்பூரில் 22, 23 தேதிகளில் பேருந்து நிலையத்துக்குப் போங்கள். தூத்துக்குடி, நெல்லை, குமரி பக்கம் ஊருக்குப் போகிற தொழிலாளர்கள் பெட்டியும் கேக் டப்பாவுமாக நிற்பார்கள். போகாமல் நிற்பவர்களும் உண்டு. ஜார்க்கண்ட், ஒடிசாவிலிருந்து வந்தவர்களில் கிறிஸ்தவக் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் எந்த ஆலயத்தில் கும்பிடுகிறார்கள், எந்த மொழியில் பாடுகிறார்கள் என்று விசாரியுங்கள். மொழி தெரியாது என்று தயங்க வேண்டாம், கம்பெனி சூப்பர்வைசர் யாராவது ஒத்தாசை செய்வார்.

ஈரோட்டில் வார ஜவுளிச் சந்தை திங்கள் இரவே களைகட்டிவிடும். கேரள வியாபாரிகள் வந்திருக்கிறார்களா, என்ன வாங்குகிறார்கள் என்று பார்த்தால் பண்டிகை வியாபாரத்தின் நாடி கிடைக்கும். சத்தியமங்கலத்தில் பனி விழ விழ மல்லிகை வரத்து குறைந்து விலை ஏறும். அதை டிசம்பரில் ஒருமுறை செய்துவிடுங்கள், ஆலயத்துக்கும் கோயிலுக்கும் பூ ஒரே மார்க்கெட்டிலிருந்துதான் போகிறது.

இரவில் கீத பவனி கிளம்பும். குட்டியானை வண்டியில் கீபோர்டையும் ஸ்பீக்கரையும் ஏற்றிக்கொண்டு வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் வீடு வீடாகப் பாடிக்கொண்டு போவார்கள், கூடவே வியர்த்து வழிகிற ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா. ஒரு நாள் அவர்களோடு வண்டியில் ஏறிப் போங்கள். அந்தத் தாத்தா வேஷக்காரர் பகலில் என்ன வேலை பார்க்கிறார் என்று கேளுங்கள். லேத் பட்டறையிலோ மில்லிலோ ஷிப்ட் முடித்துவிட்டு வந்தவராக இருப்பார். முகமூடியைக் கழற்றச் சொல்லி ஒரு பைட் எடுங்கள். ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை தடை உண்டு, பண்டிகை நாட்களில் அரசு நள்ளிரவு வரை தளர்வு தரலாம். யாராவது புகார் செய்தால் அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்று இரண்டு தரப்பிலும் கேட்டுவிட்டு அப்புறம் எழுதுங்கள்.

பையில் என்ன இருக்க வேண்டும்

பேட்டரி இரண்டு, கார்டு இரண்டு, இதெல்லாம் கேமராமேன் பார்த்துக்கொள்வார். நீங்கள் பார்க்க வேண்டியது மூன்று.

ஒன்று, எக்ஸ்.எல்.ஆர். கேபிள். கூட்டத்துக்கு நடுவில் கேமரா மைக்கில் பிடிக்கும் பாட்டு கூச்சலாகத்தான் வரும். சாயங்காலமே போய் மைக்செட்காரரைப் பிடியுங்கள். "அண்ணா, மிக்ஸர்ல ஒரு அவுட் மட்டும் குடுங்க" என்றால் தருவார், ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் சந்தோஷமாகத் தருவார். மிக்ஸரிலிருந்து வரும் லைன் கேமராவில் மைக் செட்டிங்கில் நுழைந்தால் கரகரவென்று உடைந்துவிடும். கேமரா ஸ்விட்சை லைனில் போட வேண்டும், மைக்குக்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் ஆஃபில் இருக்க வேண்டும். ஹெட்போன் மாட்டிக் கேட்காமல் நகராதீர்கள்.

இரண்டு, சீரியல் லைட். நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஷட்டரை 50-இல் வைக்காவிட்டால் நட்சத்திரமும் தோரண விளக்கும் படத்தில் துடித்துக்கொண்டே இருக்கும். போனில் எடுப்பவர்கள் ஆட்டோவை நம்பாமல் ஷட்டரைப் பூட்டிவிடுங்கள்.

மூன்று, ஸ்வெட்டர். சிரிக்காதீர்கள். வால்பாறை, ஏற்காடு, ஊட்டி போகிறவர்கள் கேமராவுக்கும் சேர்த்து யோசியுங்கள். வெளியே குளிரில் இருந்த லென்ஸ், ஜனம் நிறைந்த ஆலயத்துக்குள் நுழைந்ததும் மூச்சுப்பட்ட கண்ணாடியாகிவிடும். கால் மணி நேரம் முன்னதாகவே கேமராவை உள்ளே கொண்டுபோய்த் திறந்து வையுங்கள்.

ட்ரோன் ஆசை எல்லோருக்கும் உண்டு. பீளமேட்டில் விமான நிலையம், சூலூரில் விமானப்படைத் தளம். ட்ரோன் பறக்கலாமா என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் தூக்கினால் ஆலயத்துக்குப் பதில் போலீஸ் ஸ்டேஷனில்தான் கிறிஸ்துமஸ்.

24-ஆம் தேதி பகல்

இந்த நாளை வெறும் சர்ச் டியூட்டி என்று நினைத்துக் காலையில் தூங்க முடியாது. டிசம்பர் 24 பெரியாரின் நினைவு நாள், 1973. எம்.ஜி.ஆர். நினைவு நாளும் அன்றே, 1987. ஈரோடு நிருபர் என்றால் காலையில் பெரியார் சிலைக்குக் கருஞ்சட்டைக்காரர்கள் மாலை போடுவார்கள், அடுத்து எம்.ஜி.ஆர். படத்துக்குப் பூத்தூவல், இரவு பாலகன் பிறப்பு. மூன்றுக்கும் ஒரே மைக், ஒரே சட்டை. சட்டை விஷயத்தில் மட்டும் கவனம்: கறுப்பும் வேண்டாம், கட்சிக் கரை போட்டதும் வேண்டாம். மறுநாள் வாஜ்பாய் பிறந்தநாள், அந்தக் கட்சிக்காரர்களும் கூப்பிடுவார்கள்.

மதியம் மூன்று மணிக்குள் காலைச் செய்திகளை அனுப்பிவிட்டு இரண்டு மணி நேரம் படுங்கள். போனை சைலன்ட்டில் போட முடியாது, தெரியும். இருந்தாலும் படுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு ஆலயத்தில் இருக்க வேண்டும்: பங்குத்தந்தையைப் பார்த்து எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது, குழந்தை இயேசு சுரூபத்தை எப்போது, எந்த வழியாகக் கொண்டுவருவார்கள் என்று கேட்டு வைக்க வேண்டும். குடிலையும் கூட்டம் வரும் முன் எடுத்துவிடுங்கள். சேலைத் துணியில் மலையும், வைக்கோல் கூரையும், ஓரத்தில் ஒரு காங்கேயம் காளை பொம்மையுமாக யாரோ ஒரு பையன் ராப்பகலாக உட்கார்ந்து செய்திருப்பான். அவனைப் பேச வையுங்கள். ஆலயத்துப் பெரியவர்கள் "ஃபாதரைக் கேளுங்க, எங்களுக்கு என்ன தெரியும்" என்பார்கள். ஃபாதரும் பேசட்டும், அவனும் பேசட்டும்.

நள்ளிரவுத் திருப்பலி

பல ஆலயங்களில் பதினோரு மணி வாக்கில் பாட்டு தொடங்கி, பதினொன்றரைக்கு மேல் திருப்பலி ஆரம்பிக்கும். செருப்பை வெளியே விடும் ஆலயமா என்று வாசலைப் பார்த்தாலே தெரியும். சாக்ஸில் ஓட்டை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு வேண்டிய ஷாட் "உன்னதங்களிலே" என்று வானவர் கீதம் எடுக்கும்போது கிடைக்கும். அதுவரை மங்கலாக இருந்த விளக்குகள் மொத்தமாக எரியும், மணிகள் எல்லாம் ஒன்றாக அடிக்கும், வெளியே வெடி வெடிக்கும், குரு பாலகன் சுரூபத்தைத் தூக்கிக் காட்டுவார். மொத்தமே ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். விளக்கு திடீரென்று எரிவதால் ஆட்டோ எக்ஸ்போஷரில் வைத்திருந்தால் முதல் சில நொடிகள் வெள்ளையாகப் பூத்துப் போகும், முக்கியமானதே அந்த நொடிகள்தான். சாயங்காலமே எல்லா விளக்கையும் ஒருமுறை போடச் சொல்லி அந்த வெளிச்சத்துக்கு எக்ஸ்போஷரைக் குறித்து வைத்துக்கொண்டால் கீதம் தொடங்கும் முன் மாற்றிவிடலாம். இரண்டு பேர் போயிருந்தால் ஒரு கேமரா பீடத்தில், ஒரு போன் ஜனத்தின் மேல். முன் வரிசையில் அம்மா மடியில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை வெடிச் சத்தத்தில் விழித்து மேலே பார்க்கும் பாருங்கள், பீடத்து ஷாட்டைவிட அது நன்றாக இருக்கும்.

அந்த ஒரு நிமிடத்தை எடுத்த பிறகு அவசரம் வேண்டாம். குரு அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்திக் காட்டும் எழுந்தேற்ற நேரத்தில் லைட் போடக் கூடாது, நடக்கக் கூடாது, பிடிசி (கேமராவைப் பார்த்து நீங்கள் பேசுவது) கனவிலும் கூடாது. பீடத்துப் படி ஏறவே கூடாது. நற்கருணை வாங்குகிறவர்களின் முகத்துக்குக் கேமராவைக் கொண்டுபோகாதீர்கள், தூரத்திலிருந்து வரிசையைக் காட்டினால் போதும். மரியாதைக்காக என்று நினைத்து நீங்களும் வரிசையில் போய்க் கை நீட்டாதீர்கள். கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்கு அது இல்லை. முடிந்ததும் யாராவது கேக் கொடுப்பார்கள், அதை வாங்கிக்கொள்ளலாம்.

நேரலை கேட்டால், ஒரே சிம்மை நம்பாதீர்கள். பன்னிரண்டு மணிக்கு ஆலயத்தில் உள்ள ஆயிரம் பேரும் வீடியோ கால் போடுவார்கள், டவர் படுத்துவிடும். இரண்டு கம்பெனி சிம் வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட, பதினொரு மணிக்கே ஒரு நிமிட முன்னோட்டத்தைப் பதிவு செய்து அனுப்பிவிட்டால் டெஸ்க் நிம்மதியாக இருக்கும், நீங்களும்.

விடிகாலையும் பைட்டும்

சி.எஸ்.ஐ. ஆலயங்களில் 25-ஆம் தேதி விடிகாலை நாலு, அஞ்சு மணிக்கே ஆராதனை. இரவு ஒன்றரைக்கு முடித்துவிட்டு வீட்டுக்குப் போய் வருவது வீண். காந்திபுரம் பக்கம் டீ குடித்துவிட்டு ஆபீசிலேயே சாய்ந்துகொள்ளுங்கள். விடிகாலையில் புதுச்சட்டை மடிப்புக் கலையாமல், தலையில் பனி பட்டு, குடும்பம் குடும்பமாக வருவார்கள். பைட்டுக்கு நல்ல நேரம் ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்கும் பத்து நிமிடம்.

"கிறிஸ்துமஸ் பத்தி என்ன நினைக்கறீங்க?" என்று கேட்டால் "அன்பும் சமாதானமும்" என்றுதான் பதில் வரும், பத்துப் பேரைக் கேட்டாலும் அதேதான். "இன்னைக்கு வீட்டுல என்னங்க சமையல்?", "சட்டை எங்க எடுத்தீங்க?", "பலகாரம் எத்தன வீட்டுக்குப் போகுது?" என்று கேளுங்கள். பாட்டிமார் கச்சாயம் சுட்ட கதையிலிருந்து ஆரம்பித்து, பக்கத்து வீட்டு மாரியம்மாள் தீபாவளிக்குக் கொடுத்துவிட்ட தூக்குப்போசியில் இப்போது இவர் நிறைத்துக் கொடுத்துவிட்டது வரை சொல்வார்கள்.

எல்லோரும் உங்களைக் கேட்கப்போகும் கேள்வி ஒன்றே ஒன்று: "ஏங்கண்ணு, இத எத்தன மணிக்குப் போடுவீங்க? எங்கூட்டு பாக்ஸ்ல எந்த நம்பரு?" அரசு செட்டாப் பாக்ஸில் உங்கள் சேனல் எண், தனியார் கேபிளில் என்ன எண், யூடியூபில் எப்போது வரும், மூன்றையும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். சொன்ன நேரத்தில் வரவில்லையென்றால் அந்த அம்மா சொந்தக்காரர்களையெல்லாம் டிவி முன்னால் உட்கார வைத்துக் காத்திருந்திருப்பார்.

ஸ்கிரிப்ட்

"உலகம் முழுவதும் கிறிஸ்துமஸ் பண்டிகை வெகு விமரிசையாகக் கொண்டாடப்பட்டு வரும் நிலையில், அதன் ஒரு பகுதியாக..." என்று தொடங்கும் ஸ்கிரிப்ட்டை எழுத நிருபரே தேவையில்லை. போன வருடத்தது சர்வரிலேயே கிடக்கும். எட்டு நொடி மணிச் சத்தத்தை அப்படியே விட்டு, அப்புறம் பேசுங்கள். உதாரணத்துக்கு: "தாராபுரம் ரோட்டில் தென்னந்தோப்புக்கு நடுவில் இருக்கும் இந்த ஆலயத்துக்கு மொத்தம் முப்பது குடும்பம். குடிலுக்கு வைக்கோல் பக்கத்துக் காட்டு கவுண்டர் கொடுத்தது. மைக்செட் அடுத்த ஊர் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு ஓட்டுகிறவருடையது." இதற்கு மேல் மத நல்லிணக்கம் என்று நீங்கள் வாயால் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் ஊரில் வைக்கோல் யார் கொடுத்தார் என்று கேட்டு எழுதுங்கள், நான் எழுதியதைக் காப்பி அடிக்காதீர்கள்.

இல்லங்களுக்குக் கூப்பிட்டால்

டிசம்பரில் தினம் ஒரு அழைப்பு வரும்: ஏதோ ஒரு சங்கம், ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்தில் கேக் வெட்டுகிறது. பேனர், மாலை, தொப்பி போட்ட பிள்ளைகள், நடுவில் தலைவர். இங்கே சட்டம் தெளிவாக இருக்கிறது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவுப்படி, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை எந்த ஊடகமும் வெளியிடக் கூடாது. ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கண்ணை மட்டும் மங்கலாக்குவது போதாது. பெயர், பள்ளிச் சீருடை, இல்லத்தின் பலகை எல்லாமே அடையாளம்தான். பின்னாலிருந்து எடுங்கள், கைகளை எடுங்கள், கேக்கை எடுங்கள். "குழந்தைங்க சிரிக்கற மாதிரி ஒரு ஷாட் போடுங்க தம்பி" என்று தலைவர் வற்புறுத்துவார். சட்டத்தைச் சொல்லி மரியாதையாக மறுத்துவிடுங்கள், அவர் மனம் வருத்தப்பட்டால் படட்டும். முதியோர் இல்லத்திலும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் கேமராவைத் திருப்ப வேண்டும். ஊரில் மகன் பார்ப்பான் என்று வேண்டாம் என்பவர்கள் உண்டு.

சண்டை என்று தகவல் வந்தால்

சில வருடங்களில் ஜெபக்கூடம் பற்றியோ கீத பவனி போகும் தெரு பற்றியோ பிரச்சினை கிளம்பும். வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வரும், "உடனே போடுங்க" என்று பத்துப் பேர் அனுப்புவார்கள். போடாதீர்கள். எந்த ஊர், எந்த வருடம் என்று முதலில் பாருங்கள். பழையது சுற்றி வருவதுண்டு. இரண்டு தரப்பையும், ஸ்டேஷனையும், வட்டாட்சியர் அலுவலகத்தையும் கேட்காமல் ஒரு வரிகூட வேண்டாம். மதங்களையோ சமூகங்களையோ தாக்கும் காட்சிக்குக் கேபிள் டிவி விதிகளில் இடமில்லை, மாட்டினால் சேனலுக்கே சிக்கல். அமைதிப் பேச்சில் என்ன முடிவானது என்பதையும் அதே நீளத்தில் மறுநாள் போடுங்கள். சண்டையை மட்டும் போட்டுச் சமாதானத்தை விட்ட நிருபரை அந்த ஊர் மறப்பதில்லை.

கவர், கேக், விளம்பரம்

லோக்கல் சேனல் ஓடுவது வாழ்த்து விளம்பரத்தில்தான், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் காலையில் பைட் எடுத்த பள்ளித் தாளாளரிடம் மாலையில் நீங்களே விளம்பர பில்லோடு நிற்காதீர்கள். மார்க்கெட்டிங் ஆள் இல்லாத சேனலாக இருந்தால், குறைந்தபட்சம் செய்தி ஒளிபரப்பான பிறகு போங்கள், விளம்பரத்துக்கு விளம்பரம் என்று திரையில் போடச் சொல்லுங்கள். கேக், டைரி, காலண்டர் வாங்கிக்கொள்ளலாம். கவர் வேண்டாம். "எல்லாரும் வாங்கறாங்க தம்பி" என்பது உண்மையாகவே இருக்கலாம், இருந்தாலும் வேண்டாம்.

வீடு திரும்புவது

விடிகாலை அவிநாசி ரோட்டிலும் பல்லடம் ரோட்டிலும் பனியில் எதிரே வரும் லாரி தெரியாது. தூக்கக் கலக்கத்தில் பைக் ஓட்டாதீர்கள். பெண் நிருபர்கள் ஆபீஸ் வண்டி கேட்பதற்குத் தயங்கவே வேண்டாம், இரண்டு நாள் முன்பே எழுத்தில் கேளுங்கள். ஹாஸ்டலில் இருந்தால் வார்டனிடம் சேனல் லெட்டர்பேடில் ஒரு கடிதம் முன்கூட்டியே கொடுத்து வையுங்கள்.

26-ஆம் தேதி முதல் வேலை, செய்தியின் லிங்க்கை மைக்செட்காரர், குடில் செய்த பையன், ஃபாதர் எல்லோருக்கும் அனுப்புவது. அப்புறம் 31-ஆம் தேதி இரவு புத்தாண்டு ஆராதனை இருக்கிறது. 24-ஆம் தேதி இடம் இல்லாமல் விட்ட ஆலயத்துக்கு அன்றைக்குப் போகிறேன் என்று இப்போதே சொல்லி வைக்கலாம். ஜனவரியில் பொங்கல் வரும், அது முடிவதற்குள் பழனிக்குத் தைப்பூசப் பாதயாத்திரை ரோட்டை நிறைத்துவிடும். நடுவில் லீவு கிடைக்கிற நாள் 27, 28 மட்டும்தான். அதற்கான லெட்டரை 20-ஆம் தேதியே கொடுத்துவிடுங்கள். 25-ஆம் தேதிக்கு மேல் கேட்டால், சீனியர்கள் முந்திக்கொண்டிருப்பார்கள்.